ஒரு பக்கம் கோலம், ஒரு பக்கம் கல்லறை

அக்டோபர் 31 அன்று குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பண்டிகை ஹாலோவீன். அமெரிக்காவில் அதற்கான அலங்காரம் என்றால் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது ஹோம் டிப்போ கடை 2020-இல் இறக்கிய 12 அடி எலும்புக்கூடுதான். அப்போது விலை 299 டாலர். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெருவிலும் அது நிற்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் அதற்கே சிவப்புக் குல்லாய் மாட்டிவிடுகிறார்கள். நாமும் ஒன்று வாங்கலாமே என்று மகள் கேட்டாள். 12 அடி ஆளைப் பதினொரு மாதம் எங்கே படுக்கவைப்பது என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் இல்லை. அப்படித்தான் 2024 அக்டோபரில் முதன்முறையாக நாங்களே செய்து வைப்பது என்று இறங்கினோம். பட்ஜெட் 150 டாலர். அதில் பாதிக்கும் மேல் விளக்குக்கும் ஒயருக்கும் போனது. அது சரியான செலவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால், இருட்டிய பிறகு தெருவில் போய் நின்று சொந்த வீட்டைப் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் நிற்கப்போவது நடைபாதையில்தான். அங்கிருந்து பார்த்தால் முகத்தின் நுணுக்கமோ, கடையில் நாம் வியந்து பார்க்கும் பல்வரிசையோ கண்ணில் படாது. உருவத்தின் வெளிக்கோடும் நிழலும்தான் தெரியும். தெருவிளக்கின் வெளிச்சம் எதுவரை வருகிறது, பக்கத்து வீட்டு கேரேஜ் விளக்கு எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கிறது, எந்த இடம் இயல்பாகவே இருண்டு கிடக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இடப்பக்கத்து மேப்பிள் மரத்தடிதான் நல்ல இருட்டு. கல்லறைத் தோட்டம் அங்கே என்று முடிவாகிவிட்டது.

முடிவானது எனக்கு மட்டும்தான். அந்த ஆண்டு தீபாவளியும் அதே அக்டோபர் 31 வியாழக்கிழமையன்று வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அத்தை, அதாவது என் மாமியார், நான் கல்லறைக் கல் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “நாளும் கிழமையுமாக வாசலில் சுடுகாட்டையா வைப்பார்கள்?” என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. கணவர் வழக்கம்போல இந்தப் பேச்சு முடியும்வரை மாடியில் இருந்தார்.

கடைசியில் எல்லை பிரித்துக்கொண்டோம். வாசற்படியும் போர்ச்சும் வலப்பக்கமும் அத்தையின் ஆட்சி: கோலம், தோரணம், விளக்கு. இடப்பக்கத்துப் புல்தரை என்னுடையது. எந்த எலும்புக்கூடும் வாசலைப் பார்த்து நிற்கக்கூடாது என்பது கூடுதல் நிபந்தனை. இதனால் அலங்காரத்துக்கு நன்மைதான் விளைந்தது. எல்லா உருவங்களும் தெருவை நோக்கித் திரும்பின. முற்றம் முழுவதையும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசைக்கும் வழியில்லாமல் போயிற்று. நான்கைந்து பொருட்களைப் பரந்த புல்வெளியில் ஆங்காங்கே நட்டுவைத்தால், யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல்தான் இருக்கும். ஒரு மூலையில் நெருக்கி வைத்தால் அவையே காட்சியாகிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கல்லறைக் கல்லில்தான் தொடங்கச் சொல்வேன். இங்கே வீட்டுச் சுவருக்குள் குளிர் தாங்க வைக்கிற இளஞ்சிவப்பு ஃபோம் பலகை, எட்டடிக்கு நான்கடி அளவில் கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு அங்குலக் கனம் வேண்டும். ஓர் அங்குலப் பலகை, பக்கவாட்டில் பார்க்கிறவருக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் இதற்கு ஆகாது. அறுக்கும்போதே தெருவெல்லாம் பறக்கும். ஒரு பலகையில் நடுத்தர அளவுக் கற்கள் ஐந்தாறு தேறும். வெட்டுவதற்குச் சிறு ரம்பம் போதும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். நூறு வருட மழையில் நனைந்த கல்லுக்குக் கூரான விளிம்பு இருக்காது.

எழுத்தைத் தாளில் அச்செடுத்து, பலகைமேல் ஒட்டி, பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் விழும். அந்தத் தடத்தின் மேல் சால்டரிங் கோலை மெதுவாக ஓட்டினால் ஃபோம் உருகிப் பள்ளமாகும். அதிலிருந்து எழும் புகை உடம்புக்கு ஆகாது. கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொள்வது போதாது. முற்றத்திலேயே உட்கார்ந்து, காற்று நம்மிடமிருந்து விலகி வீசும்படி பார்த்து, வேதிப்புகைக்கான முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு இந்த வேலை வேண்டாம். தேய்ப்பதற்கும் வர்ணத்துக்கும் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஸ்ப்ரே பெயின்டை ஃபோம்மீது நேரடியாக அடித்தால், அதிலுள்ள கரைப்பான் பலகையைத் தின்றுவிடும். முதலில் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை இரண்டு பூச்சு கொடுத்து மூடிவிட வேண்டும். யாரோ நிறம் கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாமென்று விட்டுப்போன டப்பாக்களைப் பெயின்ட் பகுதியில் ஓர் ஓரமாக அடிமாட்டு விலைக்கு வைத்திருப்பார்கள். அதில் சாம்பல் நிறம் கிடைப்பது எளிது.

இந்த வேலையின் சுவையே அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. கறுப்புப் பெயின்டில் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து, கல்லின் தலையிலிருந்து கவிழ்த்து, உடனே மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். கறுப்பு கோடு கோடாக வழிந்து, எழுத்தின் பள்ளங்களில் தேங்கி, சமதளத்தில் மெலிந்து ஓடும். அது காய்ந்த பிறகு, கிட்டத்தட்ட உலர்ந்துபோன தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் ஒரு இழுப்பு. அதுவரை பெயின்ட் அடித்த பலகையாக இருந்தது அந்த ஒரு இழுப்பில் கல்லாகிவிடுகிறது. பச்சைப் பெயின்டில் மரத்தூளைக் குழைத்து அடிப்பகுதியில் அப்பினால் பாசி. மகள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பாசி வாசனை வரவில்லையே என்று அவளுக்குக் குறை.

கல்லில் உயிரோடிருப்பவர் பெயர் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். எங்கள் கற்களில் ஒன்றில் ‘நாளைக்குக் கட்டாயம் தருகிறேன் என்றவர் இங்கே துயில்கிறார்’ என்று தமிழிலேயே எழுதினேன். எங்கள் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சில குடும்பங்கள்தான். மற்றவர்கள் ஏதோ பழைய மந்திரம் என்று எண்ணிக்கொண்டார்கள்போலும், அந்தக் கல்லின் முன்னால் நின்றுதான் அதிகம் படமெடுத்தார்கள்.

ஃபோம் கல்லுக்குக் கனமே கிடையாது. இல்லினாய் மாநிலத்தின் அக்டோபர் காற்று அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். சின்னக் குச்சிகளைச் செருகி நிறுத்துவதெல்லாம் முதல் காற்றிலேயே பல்லிளித்துவிடும். கல்லின் முதுகில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை, ஃபோமைக் கரைக்காத பசையால் செங்குத்தாக ஒட்ட வேண்டும். தரையில் இரண்டடி முறுக்குக் கம்பியை ஓரடி ஆழத்துக்கு அடித்து, குழாயை அதன்மேல் இறக்கிவிட்டால் கல் அசையாது. பிரிக்கும்போது அப்படியே மேலே உருவிவிடலாம்.

ஆனால் கம்பியை அடிப்பதற்கு முன்பு 811-ஐக் கூப்பிட வேண்டும். மண்ணைத் தோண்டுவதற்கு முன் அழைக்கும் இந்தச் சேவைக்கு இல்லினாயில் ஜூலி என்று பெயர். கட்டணம் கிடையாது. சில வேலைநாட்களுக்கு முன்பே சொல்லிவைத்தால், சம்பந்தப்பட்டவர்கள் வந்து பூமிக்கடியில் எது எங்கே ஓடுகிறது என்று பெயின்டாலும் குட்டிக் கொடிகளாலும் அடையாளமிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, பச்சை சாக்கடை. எங்கள் மேப்பிள் மரத்துக்கு நான்கடி தள்ளி ஆரஞ்சுக் கோடு விழுந்தது. கல்லறைத் தோட்டம் அந்தக் கோட்டுக்கு உட்பக்கமாக நகர்ந்துகொண்டது. நாமே பதித்த புல்தரைத் தண்ணீர்க் குழாய்களை அவர்கள் காட்டமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேய்க்குத் துணி வேண்டாம். மழையில் நனைந்தால் வேட்டி காயப்போட்ட கொடிதான். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோணக் கம்பிவலையை வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு தோள், இடுப்பு, தரையில் புரளும் பாவாடை என்று வளைத்துக் கட்டினால் தலையில்லாத ஒரு பெண்ணுருவம் கிடைக்கும். பகலில் அது இருப்பதே தெரியாது. இரவில் கீழிருந்து நீல விளக்கைக் காட்டினால் காற்றில் நிற்கும். இடுப்பை வளைக்க அத்தை வந்து உதவினார். புடவை கட்டிப் பழகிய கைக்கு எந்த இடத்தில் சுருக்கு விழ வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பேய் என்று கடைசிவரை சொல்லவில்லை. “அந்தப் பொம்பளை” என்றுதான் சொன்னார்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். எதிரிலிருந்து பளீரென்று அடிக்கும் விளக்கு, எவ்வளவு நல்ல வேலையையும் தட்டையாக்கிவிடும். விளக்கைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் கல்லின் எழுத்துப் பள்ளத்தில் நிழல் தங்கும். பின்னாலுள்ள மரத்தில் உருவங்களின் நிழல் ஏறும். இடம் முழுவதற்கும் மங்கலான நீலம், நிலவொளிக்காக. முக்கியமான ஒன்றிரண்டு உருவங்களுக்கு மட்டும் பச்சையோ மஞ்சளோ. மூன்று நிறத்துக்கு மேல் போனால் கல்லறை கல்யாண மண்டபமாகிவிடும். விளக்கின் கண்ணாடி தெருவைப் பார்க்காதபடி அதன் முன்னால் ஒரு சிறு கல்லைச் சாய்த்து வைத்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹாலோவீன் இரவில் போர்ச் விளக்கு எரிந்தால்தான் ‘இங்கே மிட்டாய் கிடைக்கும், வரலாம்’ என்று அர்த்தம். அணைத்திருந்தால் குழந்தைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வெள்ளை விளக்கு கல்லறையின் இருட்டை அழித்துவிடும். போர்ச்சில் குறைந்த வாட் ஆரஞ்சு பல்பு மாட்டியதில் இரண்டும் சரியாயிற்று. எல்.ஈ.டி விளக்குகள் மின்சாரத்தை அதிகம் இழுப்பதில்லை. ஆனாலும் வெளிப்புறத்துக்கென்றே விற்கும் ஒயர், மின்கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பிளக் பாயின்ட், இரண்டிலும் சிக்கனம் கூடாது. இணைப்புகள் புல்லில் கிடக்கக்கூடாது. நடைவழியைக் குறுக்கே கடக்கவும் கூடாது. முகமூடி போட்ட குழந்தைக்குக் கால் தெரியாது.

புகை இயந்திரத்தைப் பற்றிப் பலரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். தரையில் தவழும் புகை வேண்டுமென்றால், வெளிவரும் புகையைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டி வழியாகச் செலுத்திக் குளிர்விக்க வேண்டும். அத்தனையும் செய்த பிறகு ஒரு காற்று வந்தால் எல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான். திறந்த முற்றத்தில் முதல் ஆண்டுக்கு இது வீண் செலவு என்பது என் கட்சி.

வைக்கக்கூடாதவை என்று சில உண்டு. மரக்கிளையில் கயிறு மாட்டித் தொங்கும் உருவம் வேண்டவே வேண்டாம். கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற வரலாறு உள்ள நாடு இது. அந்தக் காட்சி நம் தெருவில் நடந்துபோகும் ஒருவருக்கு விளையாட்டாக இருக்காது. ரத்தம் சொட்டும் கை கால்களும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று வயதுக் குழந்தைகளும் வருவார்கள். இழுத்து இழுத்து ஒட்டும் செயற்கைச் சிலந்தி வலையைப் புதர்மேல் போர்த்தினால் சின்னப் பறவைகளும் வௌவால்களும் சிக்கிக்கொள்கின்றன. கனத்த வெள்ளைக் கயிற்றில் பெரிய கண்ணிகளாகக் கட்டினால் தெருவிலிருந்து பார்க்க அதுதான் எடுப்பாகவும் இருக்கிறது.

முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பூசணிக்காய்தான் எங்கள் வீட்டில் பெரிய விவாதமானது. செதுக்கிய பூசணி ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். அதற்குள் அணில்கள் வேறு. இங்குள்ள அணில் நம் ஊர் அணிலைப் போல இரு மடங்குக்கு மேல்; பூசணியின் முகத்தையே மாற்றியமைத்துவிடும். அத்தை மிளகாய்த்தூளைத் தடவிப் பார்க்கலாம் என்றார். அணிலுக்கு அது உறைக்கும்தான், ஆனால் பூசணியைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்கும் குழந்தைக்கும் உறைக்குமே. ஆகவே செதுக்க வேண்டியதைப் பண்டிகைக்கு இரண்டொரு நாள் முன்புவரை தள்ளிப்போட்டோம். மற்றொன்றைச் செதுக்காமல் வர்ணம் தீட்டுவது என்று முடிவு செய்து அத்தையிடம் கொடுத்தோம்.

அவர் யோசிக்கவே இல்லை. பிதுங்கிய வெள்ளைக் கண், நடுவில் கறுப்பு வட்டம், காதுவரை முறுக்கிய மீசை, கோரைப்பல், மோவாய்க்குக் கீழே தொங்கும் சிவப்பு நாக்கு. கட்டி முடியாத வீடுகளின் முகப்பில் தொங்குமே, அதே திருஷ்டிப் பூசணி. கொடுமையானதை வாசலில் வைத்தால் கெட்டது அண்டாது என்பதுதானே இதற்கும் காரணம், அயர்லாந்தில் ஹாலோவீனுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களும் அதற்காகத்தான் செய்தார்கள் என்றேன். “அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சரி என்றிருப்பேனே” என்றார். அந்தப் பூசணி மட்டும் எல்லை தாண்டி வாசற்படியிலேயே இடம்பிடித்தது.

முதன்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது நேரம். எங்கள் வட்டாரத்தில் பல ஊர்கள் மிட்டாய் கேட்டு வருவதற்கென்று நேரம் அறிவிக்கின்றன. பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத் தொடங்கி இரவு ஏழு எட்டு மணிக்கு முடிந்துவிடும். அன்று சூரியன் மறைவது மாலை ஏறத்தாழ 5.45-க்கு. கோடைக்காக முன்னுக்குத் தள்ளிய கடிகாரத்தை முன்பெல்லாம் அக்டோபர் கடைசி ஞாயிறன்றே ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்; மாலை சீக்கிரம் இருட்டிவிடும். 2007 முதல் அது நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டது. ஆகையால் சிறு குழந்தைகள் எல்லோரும் பட்டப்பகலில் வந்துபோகிறார்கள். நம் நீல விளக்கும் நிழலும் அவர்களுக்கு இல்லை. பகலிலும் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும், அது பயமுறுத்தவும் கூடாது. நாங்கள் ஐந்தடிப் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் எவர்சில்வர் டபராவும் காப்பித் தம்ளரும் கொடுத்திருந்தோம். டைனோசர் வேடத்தில் வந்த ஒரு வாண்டு அதன் எதிரில் நின்று, காப்பி ஆறிவிட்டதா என்று தம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

வானிலையும் நம் வசத்தில் இல்லை. 2019-இல் ஹாலோவீன் அன்று சிகாகோவில் மூன்று அங்குலத்துக்கும் மேல் பனி பெய்தது. நனைந்தால் கெடும் எதையும் வெளியில் வைக்க முடியாது; வேடத்தின்மேல் கோட்டு போட வேண்டியிருக்கும் என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுவது வீட்டில் அமைதிக்கு நல்லது.

அன்று தீபாவளி என்பதால் எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அகல் விளக்கு வரிசையும், தரையில் புரளும் அங்கி போட்ட குழந்தைகளும் ஒரே படியில் இருக்க முடியாது. இந்த வேடத் துணிகள் சட்டென்று பற்றிக்கொள்ளும். படிகளில் பாட்டரி அகல்களை வைத்தோம். எண்ணெய் விளக்குகள் ஜன்னலுக்கு உட்பக்கம். கடைசிக் கூட்டம் போன பிறகு அவற்றை வெளியே எடுத்து வைத்தார் அத்தை. முறுக்கும் அதிரசமும் கொடுக்க அவருக்கு ஆசை. வீட்டில் செய்ததைப் பெற்றோர்கள் ஏற்கமாட்டார்கள், உறை பிரிக்காத மிட்டாய்தான் வழக்கம் என்று சொன்னதில் அவருக்கு வருத்தமே. பழகிய அண்டை வீட்டாருக்குத் தனியாகத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். மிட்டாய்ச் சட்டிக்குப் பக்கத்தில் பென்சில், ஒளிரும் வளையல் என்று இன்னொரு கூடையும் வைத்து, ஒரு சின்னப் பூசணிக்கு நீலப்பச்சை வர்ணம் பூசி அதன்மேல் நிறுத்தினோம். வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு இங்கே தின்பண்டம் அல்லாததும் உண்டு என்பதற்கு இது அடையாளம். 2014 முதல் நாடெங்கும் பரவியிருக்கிறது. அந்தக் கூடைதான் முதலில் காலியானது.

பிரிப்பதை மறுநாளே செய்துவிட வேண்டும். குறிப்பாக முறுக்குக் கம்பிகளை. புல்லுக்குள் மறைந்து நிற்கும் கம்பி, முதல் பனி மூடிய பிறகு யார் காலுக்கு எமனாகும் என்று சொல்ல முடியாது. கற்களுக்கு இடையில் பழைய போர்வையைக் கொடுத்துப் படுக்கையாக அடுக்கினால் விளிம்பு உடையாது. கம்பிவலைப் பெண்ணை மடக்கினால் மீண்டும் நிமிராது என்பதால், அவள் பேஸ்மென்டில் நின்றபடியே இருக்கிறாள். நவம்பர் முதல் தேதி கடைகளில் எல்லாம் பாதி விலைக்கு வந்துவிடும். விளக்குகளை அன்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

எங்கள் பக்கத்து மாவட்டமான டுபேஜ் கவுண்டியில் ஹாலோவீன் முடிந்ததும் பழைய பூசணிகளை உரமாக்கச் சேகரிக்கிறார்கள். மெழுகுவத்தியை எடுத்துவிட்டுக் கொண்டுபோக வேண்டும். வர்ணம் பூசியதை வாங்கமாட்டார்கள். அத்தையின் பூசணி அப்படி வீட்டிலேயே தங்கிவிட்டது. திருஷ்டிப் பூசணியைக் குப்பைத் தொட்டியில் போடுவதாவது, தெரு முக்கில் போட்டு உடைப்பதுதான் முறை என்றார் அவர். வழுக்கி விழுந்தால் வழக்குப் போடுவார்கள் என்று கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னார். கேரேஜுக்குள் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, அதற்குள் வைத்து அத்தையே சுத்தியலால் உடைத்தார். பையைக் கட்டித் தொட்டியில் போட்டோம். அடுத்த முறை மீசையை இன்னும் பெரிதாக வைக்க வேண்டுமாம்.